கிழவிக்கு வந்த காய்ச்சல்

லாபோ வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்பது பிர்ஜி ஊருக்கே தெரியும். அண்ணன் மனைவியைக் கேலி செய்வது கொழுந்தனுக்கு உள்ள உரிமை. அதில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. போன வாரம்கூட வேலிக்கு மேல் தலையை நீட்டி, "மதினி, அண்ணன் கானோவுல இன்னொருத்தியப் பாத்துட்டாராம். உன் கட்டிலக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்" என்று சொல்லி, லாரபா விட்டெறிந்த அகப்பைக்குத் தப்பி ஓடியிருந்தான். ஆகையால் அன்று முற்பகலில் அவன் மோட்டார் சைக்கிளை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு, கிழவியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தபோது, லாரபா உலக்கையை நிறுத்தவில்லை.

"இறக்கி விடு. கால் இருக்குல்ல, நடக்கட்டும்" என்றாள்.

"மதினி, விளையாட்டு இல்ல."

அந்தக் குரல் லாபோவுடையதாகவே இல்லை. லாரபா நிமிர்ந்து பார்த்தாள். அவன் கைகளில் கிடந்த பிள்ளையின் கண்கள் இறுக மூடியிருந்தன. உதட்டோரம் வாந்தி காய்ந்திருந்தது.

கிழவி என்பது பால்பல் விழுந்து முடியாத சிறுமி. கானோ நகரத்துக்குப் பிழைக்கப் போயிருந்த லாரபாவின் புருஷன் ஷாயிபு, செத்துப்போன தன் தாயின் பெயரை மகளுக்கு வைத்திருந்தான். அதனால் தெருவே அவளைக் கிழவி என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் அவள் ஹப்சத்து. லாரபாவின் வாயிலோ அந்த இரண்டு பெயரும் வராது. அந்த ஊரில் முதல் பிள்ளையின் பெயரைத் தாய் சொல்வதும், நாலு பேர் பார்க்க அதைக் கொஞ்சுவதும் வெட்கக்கேடு. போதாக்குறைக்கு அது மாமியாரின் பெயர் வேறு. மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் லாரபா இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுவாள். தெருக்கோடியில் இருந்தாலும் அந்தத் தட்டலை அடையாளம் கண்டுகொண்டு கிழவி ஓடி வருவாள்.

காலையில் நன்றாகத்தான் போனாள். அவித்த முருங்கைக்கீரையில் கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துப் போட்டு, வெங்காயமும் மிளகாயும் பிசைந்து தட்டில் குவித்துக் கொடுத்திருந்தாள் லாரபா. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசல் ஓதுகிறவர் குரலில் ஒரு தரம், கோபக்கார அத்தை பல்கியின் குரலில் ஒரு தரம் என்று கூவிக்கொண்டே போனாள். அந்தக் கூவலுக்காகவே சனங்கள் அவளிடம் வாங்கினார்கள். சந்தையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் தட்டின் மேலேயே சரிந்துவிட்டாளாம். லாபோ வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். வெயில் கண்ணைக் குத்துகிறது என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாயில் கிடத்தினார்கள். உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. தண்ணீர் கொடுப்பதற்காக லாரபா பின்னந்தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். தலை தனியாக வரவில்லை. கழுத்து மடங்காமல், தோளும் முதுகும் ஒரே பலகையாகச் சேர்ந்து எழுந்தன. கிழவி வீறிட்டாள்.

லாரபாவின் கையிலிருந்த சுரைக்குடுவை நழுவி, தண்ணீர் பாயெல்லாம் ஓடியது.

அதற்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு: சங்கராவ். விறைக்க வைப்பது என்று அர்த்தம். பாலைக்காற்று ஓயும் நேரத்தில், தொண்டையெல்லாம் தூசி அடைத்துக் கிடக்கும் அந்த வறண்ட மாதங்களில் வரும். சில வருஷம் ஒன்றிரண்டு பேரோடு போய்விடும். சில வருஷம் தெருத்தெருவாக நடக்கும். மராதி பக்கம் நடக்கிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மராதி எங்கேயோ இருக்கிறது என்று பிர்ஜியில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. லாரபா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "வண்டிய எடு" என்றாள்.

நடுவில் பிள்ளையும் பின்னால் தாயுமாக உட்கார்ந்தார்கள். மகளின் கண்களுக்கு வெயில் படாமல் லாரபா தன் முக்காட்டை முகத்தின் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த உடம்பு அவள் மார்பில் மரக்கட்டையாக இடித்தது. வழக்கமாக வண்டி ஓட்டிக்கொண்டே பாடுகிறவன், எதிரே வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுக்கிறவன், அன்று முன்னால் உட்கார்ந்து மூச்சுக்கூட விடாமல் ஓட்டினான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

சுகாதார நிலையத்து முற்றத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். வேப்பமரங்களுக்குக் கீழே ஒரு சாண் இடம் விடாமல் பாய் விரித்திருந்தார்கள். உள்ளே கட்டில்கள் நிறைந்து எப்போதோ வழிந்துவிட்டன. சந்தைக்கு வருகிற முகங்கள், கிணற்றடியில் பார்க்கிற முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. மராதி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அவளுக்குப் பட்டது.

அங்கே தலைமை மருத்துவ உதவியாளரை எல்லாரும் மேஜர் என்றுதான் அழைப்பார்கள். தூக்கமில்லாத சிவந்த கண்களோடு வந்தார். கிழவியின் தலைக்கடியில் கை வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். அதற்கு மேல் அவர் கேள்வியே கேட்கவில்லை. பிள்ளையை ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து வளைத்துப் பிடித்துக்கொள்ளும்படி லாபோவிடம் சொன்னார். முதுகெலும்பில் ஊசி போடப்போகிறார் என்று தெரிந்ததும் லாரபா அவர் கையைப் பிடித்துவிட்டாள். முதுகில் குத்தினால் பிள்ளை முடமாகிவிடும் என்று கிணற்றடியில் சொல்லக் கேட்டிருந்தாள்.

"குத்தினா யாரும் முடமாகறதில்லம்மா. குத்தாம விட்டாத்தான் எனக்கு என்ன நோய்னே தெரியாது. விடு."

விட்டாள். ஊசியின் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிறு கண்ணாடிக் குழாயில் விழுந்ததை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கம்பு கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. மூளையைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது, இந்த நீர் அதற்குள்தான் ஓடுகிறது, ஊற்றுத் தண்ணீராகத் தெளிந்திருக்க வேண்டியது, இப்போது சீழ் பிடித்திருக்கிறது என்று மேஜர் சொன்னார். மகள் தலைக்குள் இப்படி ஒரு தண்ணீர் இருந்ததே லாரபாவுக்கு அதுவரை தெரியாது. காலையில் அத்தை குரலில் கூவிக்கொண்டு போன தலைக்குள் மத்தியானத்துக்குள் எப்படிச் சீழ் வரும்? அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் மாதிரிக் கெட்டியான ஒரு மருந்தைத் தொடையில் மெதுவாக ஏற்றினார்கள். இனி அல்லாதான் என்று சொல்லிவிட்டு மேஜர் அடுத்த பாய்க்குப் போனார்.

அடுத்த பாயில் தானி என்ற பெண்ணின் மகன் படுத்திருந்தான். மீசை அரும்பிய வயசு, மல்யுத்தம் பழகுகிற உடம்பு. அவனுக்கு மருந்து ஏற்றி ஒரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் கண் திறந்து, லாபோவோடு மல்யுத்தப் போட்டியைப் பற்றிப் பேசினான். மராதிக்காரர்கள் இந்த வருஷம் மண்ணைக் கவ்வப் போகிறார்கள் என்றான். செருப்பு எங்கே என்று தாயைக் கேட்டான். தானி சிரித்துக்கொண்டே தண்ணீர் மொள்ளப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் உடம்பு ஒரு தரம் வில்லாக வளைந்து அப்படியே நின்றுவிட்டது. லாபோ ஓடிப்போய் மேஜரைக் கூட்டிவந்தும் பயனில்லை. தானி வந்தபோது துணியை முகம்வரை இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. கொண்டுவந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அவன் தலைமாட்டில் பார்த்து வைத்தாள். சிந்திவிடாமல் இருக்க மண்ணைக் கொஞ்சம் பறித்து அணை கொடுத்தாள். பிறகு லாரபாவிடம், "செருப்பு கேட்டானே" என்றாள்.

அன்றிலிருந்து லாரபா தண்ணீர் மொள்ளப் போகவே இல்லை. சோறு, தண்ணீர் எல்லாம் நாத்தனார் பல்கி கொண்டுவந்து வைத்ததுதான். கண்ணை மகள் முகத்தைவிட்டு எடுத்தால் அந்த நேரம் பார்த்துப் போய்விடுவாள் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கிழவி பிதற்றினாள், விழித்தாள், மறுபடி மயக்கத்துக்குள் போனாள். எத்தனை பொழுது அப்படிப் போயிற்று என்று லாரபாவுக்குப் பிறகு யார் கேட்டும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. கழுத்து இளகியிருந்தது. கிழவி கண்ணைத் திறந்து, "பசிக்குது. மோர்க்கூழ் வேணும்" என்று கத்தினாள். முற்றமே திரும்பிப் பார்த்தது. பல்கி, அல்லாவைப் புகழ்ந்துகொண்டே கூழைக் கரைத்து ஊட்டினாள். லாரபா முகத்தை வேப்பமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் பிள்ளை பிழைத்ததற்குத் தாய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மரத்துக்கு மட்டும் தெரியட்டும் என்று அழுதாள்.

லாபோவுக்கும் பழைய வாய் திரும்பியது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் குந்தி, "கிழவி, நீ படுத்த நேரத்துல உன் முருங்கைக்கீரை வியாபாரத்த நான் எடுத்துக்கிட்டேன். என் குரலக் கேட்டு எல்லாரும் ஊரக் காலி பண்ணிட்டு ஓடிட்டாங்க" என்றான். பல்கியே சிரித்துவிட்டாள். கிழவி சிரிக்கவில்லை. கீழே விழுந்திருந்த வேப்பங்குச்சிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். லாபோ அதையே இன்னொரு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

லாரபா மரத்தைவிட்டுத் திரும்பினாள். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

கிழவி இன்னொரு குச்சியை எடுத்து வைத்தாள்.

மறுபடி தட்டினாள். உள்ளங்கை எரியத் தட்டினாள். பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். சத்தம் கேட்டு மேஜர் வந்தார். பிள்ளையின் பின்னால் போய் நின்று விரலைச் சொடுக்கினார், மருந்துத் தட்டை ஊசியால் தட்டினார். அவர் முகம் மாறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார் என்று லாரபாவிடம் சொன்னார்.

"அவ எப்படிக் கூப்பிடுவா மேஜர்? தலைப்பிள்ளை" என்றாள் பல்கி.

"எனக்குத் தெரியாதாக்கா? நானும் தலைப்பிள்ளைதான். எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் எம்பேரச் சொன்னதில்ல" என்றார். பிறகு லாரபாவைப் பார்த்து, "நீ கூப்பிடும்மா. உன் குரல்தான் அவளுக்கு எல்லாத்துக்கும் முந்திப் பழக்கம்" என்றார்.

லாரபா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவள் நாக்கில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"ஹப்சத்து" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஹப்சத்து! ஏ ஹப்சத்து!"

பல்கி கையால் வாயை மூடிக்கொண்டாள். தானியின் மகன் கிடந்த இடத்தில் இப்போது வேறொரு பிள்ளையோடு இருந்த ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள். கிழவி குச்சி வரிசையைத் தலை சாய்த்துப் பார்த்து, கோணலாக இருந்த ஒன்றைச் சரிசெய்தாள். அப்புறம்தான் எதேச்சையாக நிமிர்ந்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு முகம் சுருங்கியது.

"ஏன் எல்லாரும் உதட்ட மட்டும் ஆட்டுறீங்க? எங்கிட்ட மட்டும் ரகசியமா?" என்று தொண்டை கிழியக் கேட்டாள்.

மேஜர் லாரபாவைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். சிலருக்கு இந்த நோய் போகிறபோது காதைக் கொண்டுபோய்விடும். மருந்து உயிரைத்தான் பிடித்து நிறுத்தியது. திரும்பி வருமா என்று அவள் கேட்டாள். முழுசாகப் போனது வந்து தான் பார்த்ததில்லை என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மகள் குடித்து வைத்திருந்த கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு அதையே துடைத்துக்கொண்டிருந்தாள். வெறும் கிண்ணம்தான். லாபோ வாங்கிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. கிழவிக்கு நேராக நடக்க வரவில்லை. எழுந்து நாலடி வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேலியில் போய் முட்டினாள். குடித்தவனைப்போலத் தள்ளாடுகிறாள் என்று தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். லாரபா வெளியே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல், பட்டப்பகலில், கிணறுவரை நடத்திக் கூட்டிப்போனாள். மறுநாளும் போனாள். தட்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துச் சந்தைக்கும் போனாள். கிழவி கூவுவாள், முன்பிருந்த குரல்களில் பாதி அவளிடமிருந்து நழுவிப் போயிருந்தன, ஓதுகிறவரின் குரலும் அத்தையின் குரலும் ஒன்றுபோலவே வந்தன. ஆனாலும் கூவினாள். வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் லாரபா அவள் தோளைத் தொட்டுத் திருப்புவாள்.

ஊர் பேசாமல் இருக்குமா? பல்கி ஒரு நாள் கூடத்திலேயே கேட்டுவிட்டாள்.

"தலைப்பிள்ளையக் கையப் புடிச்சிக்கிட்டுச் சந்தையில நடக்கற. ஊரே சிரிக்குது. வெட்கம்னு ஒண்ணு உனக்கு இருந்துச்சே லாரபா, அது எங்க போச்சு?"

"அந்த முற்றத்துல பாய் போட்டு எட்டுத் திக்கும் செத்தாங்கக்கா. அங்கயே எங்கயாவது விழுந்திருக்கும். நீங்க வேணா போய்த் தேடுங்க."

பல்கி எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. வந்தபோது ஒரு கலயம் நெய்யோடு வந்தாள். கிழவியை மடியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள்.

முதல் மழை பெய்தது. தூசி அடங்கியதும் நோயும் அடங்கியது. சுகாதார நிலையத்துப் பாய்களைச் சுருட்டிவிட்டார்கள். வெளியூர் போன ஆண்கள் விதைப்புக்காகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஷாயிபுவுக்குக் கானோவுக்குப் போகிற லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பிய சேதி ஒன்றுதான்: பிள்ளைக்கு நோய் கண்டது, பிழைத்துவிட்டாள். மற்றதை, நெடுஞ்சாலையில் இறங்குகிறவனை வண்டியில் அழைத்து வரும்போது தானே சொல்லிவிடுவதாக லாபோ பொறுப்பேற்றிருந்தான்.

வயலில் லாரபா விதைக்கம்பை உதறிக்கொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது. ஷாயிபு சிரித்துக்கொண்டே இறங்கினான். லாபோவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வழியெல்லாம் கேலி பேசியே வந்திருக்கிறான், சொல்லவில்லை.

கிழவி அந்தப் பக்கம் திரும்பி நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஷாயிபு கையை வாயில் குவித்து, "கிழவி! அடி கிழவி! உன் புருஷன் வந்திருக்கேன்!" என்று கூப்பிட்டான். அவள் கிழவி, அவன் கிழவன் என்று அவர்களுக்குள் நடக்கிற பழைய விளையாட்டு அது. அவள் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, கானோவிலிருந்து என்னவெல்லாம் கொண்டுவந்திருக்கிறேன் தெரியுமா என்று இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

லாரபா வரப்பில் அவனுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"கூப்பிடாதீங்க. அவளுக்குக் காது போச்சு."

அவன் லாபோவைத் திரும்பிப் பார்த்தான். இதுவும் அவனுடைய பொய்களில் ஒன்றாக இருக்கட்டும் என்று கெஞ்சுகிற பார்வை. லாபோ வண்டியின் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஷாயிபு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். புது வெள்ளை அங்கி நனைவதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

கிழவி அப்போதுதான் பார்த்தாள். கோணல்மாணலாக ஓடி வந்து அவன் மேல் விழுந்தாள். தனக்கு ஊசி போட்டதையும், மேஜர் எப்படி நடப்பார் என்பதையும், பக்கத்துப் பாயில் செத்துப்போன அண்ணன் ஒருவனையும், வயலே அதிரும்படி ஒரே மூச்சில் சொன்னாள். அவன் பதிலுக்கு ஏதோ முனகியபோது, அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"குனிஞ்சிக்கிட்டுப் பேசினா எனக்குத் தெரியாதுப்பா. மூஞ்சியக் காட்டிப் பேசு. மெதுவாப் பேசு" என்றாள்.

ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். ஷாயிபு அங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, நீண்ட மண்வெட்டியோடு முன்னால் நடந்து குழி போட்டான். பின்னால் தாயும் மகளும் குழிக்கு ஒரு சிட்டிகை கம்பு போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவன் திரும்பித் திரும்பி மகளைப் பார்த்தான். பாம்பு போன தடம் மாதிரி இருக்கிறது உங்கள் வரிசை என்று லாபோ வரப்பிலிருந்து கத்தினான். லாரபா அவன் மேல் ஒரு மண்ணாங்கட்டியை விட்டெறிந்தாள். மேற்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. மூவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.